மூன்று இன்ஜின், ஆறு கோடு

பட்டினப்பாக்கத்துக் கரையில் பன்னிரண்டு போட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறிய சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு ஓர் அறக்கட்டளை பன்னிரண்டு புது இன்ஜின் தரப்போகிறது என்ற செய்தி வந்தது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை காலைக்குள் சண்டையும் வந்துவிட்டது.

மூன்று கம்பெனி இன்ஜின்களில் எது வேண்டும் என்பதைச் சங்கமே சொல்ல வேண்டும் என்று அறக்கட்டளை எழுதியிருந்தது. பன்னிரண்டு போட்டுக்கும் ஒரே இன்ஜின்தான். கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையாததால், மேல்மூடியின் நிறத்தை வைத்துச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்றே கரையில் எல்லோரும் சொன்னார்கள். வேகம் வேண்டும் என்றவர்கள் சிவப்பு என்றார்கள். இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து இடுப்பு போனவர்கள் வெள்ளை என்றார்கள். கறுப்புக்குப் பெரிதாக ஆள் இல்லை.

சங்கத் தலைவர் வேதநாயகத்துக்கு அறுபத்து நான்கு வயது. சத்தம் போட்டு முடிவெடுப்பதில் அவருக்கு நம்பிக்கை போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. முந்தைய தடவை, யார் குரல் பெரிதோ அவர் சொன்ன இன்ஜினைத்தான் எல்லோரும் எடுத்தார்கள். ஏழாவது மாதம் வேதநாயகத்தின் மகன் பாரத்தின் போட்டில் அது நடுக்கடலில் நின்றுவிட்டது. விடியற்காலையில் நின்றது. சாயங்காலம் நொச்சிக்குப்பத்துப் போட்டு ஒன்று பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வரும்வரை, பாரத்தும் கூடப் போன இரண்டு பேரும் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். உடைந்தது உள்ளங்கை அளவு ரப்பர் சாமான். அது வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை போட்டு மணலிலேயே கிடந்தது.

அந்த நாளை வேதநாயகத்தைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தவள் பாரத்தின் மனைவி ஜான்சி. அன்றைக்கு முழுநாளும் கரையில் நின்று, கடலையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தவள் அவள்.

ஜான்சிக்கு முப்பத்தாறு வயது. அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் செய்கிற வேலை. ஒன்பது வருஷமாக அதே நாற்காலி. வீட்டில் அந்த வேலைக்கு 'கம்ப்யூட்டர் வேலை' என்று ஒரே பெயர்தான். அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. போன வருஷம் லேபின் ஐந்து கிளைகளையும் ஒரே படத்தில் ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார் மேலாளர். ஜான்சி ஸ்ப்ரெட்ஷீட்டில் துழாவித் துழாவி, ரேடார் சார்ட் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சக்கரத்துக் கம்பிகள்போலக் கிளம்பும் கோடுகள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு கோடு. மதிப்பெண் கூடக்கூடப் புள்ளி நடுவைவிட்டு வெளியே போகும். புள்ளிகளை இணைத்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வடிவம். மேலாளர் அதைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் சொன்ன பெரிய பாராட்டு அதுதான்.

வியாழக்கிழமைச் சண்டை முடிந்து வேதநாயகம் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, ஜான்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, மூணுத்தயும் ஓட்டிப் பாத்துட்டு சொல்லலாமே."

"ஓட்டிப் பாத்தா இன்னா ஆவும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். சவரிமுத்து வேகத்தப் பாப்பான், இன்னொருத்தன் கனத்தப் பாப்பான். மறுபடி இதே சண்டதான்."

"எல்லாத்தயும் அளந்து ஒரே படத்துல போட்டுடலாம் மாமா. ஆறு விஷயம் எடுத்துக்கலாம். எண்ணெய் எவ்ளோ குடிக்குது, எவ்ளோ கனம், லோடோட எவ்ளோ வேகம், எத்தினி தபா கயிறு இழுத்தா ஸ்டார்ட் ஆவுது, ஸ்பேர் வர எத்தினி நாளு, புடிச்சு ஓட்டக் கைக்கு எப்பிடி கீதுன்னு பத்துக்கு ஒரு மார்க். நான் போட்டுத் தரேன்."

வேதநாயகம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் சங்க விஷயத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"போடு," என்றார்.

அறக்கட்டளையில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் மயிலாப்பூர்க்காரரான ஜானகி. வேதநாயகம் போனில் கேட்டதும், மூன்று கம்பெனியிடமும் பேசி ஆளுக்கு ஒரு இன்ஜினை இரண்டு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்தார். முறை வைத்து எல்லாப் போட்டுகளிலும் மூன்றையும் மாட்டினார்கள். ஜான்சி ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு, ஒவ்வொரு போட்டுக்காரரும் கரைக்கு வந்ததும் எழுதி வைக்கச் சொன்னாள். முதல் வாரம் அந்த நோட்டில் ஒரு வரிகூட விழவில்லை. உப்புத் தண்ணீரும் செதிலும் ஒட்டிய கையோடு யார் பேனா பிடிப்பார்கள்?

இரண்டாவது வாரம் ஜான்சி வழியை மாற்றினாள். "எழுத வேணாம்ணே. கரைக்கு வந்ததும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுடுங்க, போதும்" என்றாள். அதன்பிறகு பாருங்கள், கொட்டோ கொட்டென்று கொட்டியது. காலையில் அடையாறு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பின்னணியில் அலைச் சத்தம், காக்காய்ச் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம். நடுவில் எண்கள். அவற்றைப் போனில் இருந்த ஷீட்டில் அங்கேயே அடித்தாள். எல்லாரையும்விட நீளமாகப் பேசியவர் சிவப்பு இன்ஜினுக்காகத் தொண்டை கிழியக் கத்திய சவரிமுத்துதான். அவருக்கு ஐம்பது வயது. கரையில் வேகமாகப் போட்டு ஓட்டுகிறவர் என்று பெயர்.

கனத்தை அளக்க, மீன் கொட்டகையில் ஐஸ் எடை போடும் பெரிய தராசைக் கேட்டாள் ஜான்சி. மாமியார் தேசம்மா அங்கேதான் மீன் விற்கிறாள். "மீனு போடற தட்டுல இன்ஜின வெக்கறியா? கிரீஸ் ஒட்டிச்சுன்னா யாரு கழுவறது?" என்று சத்தம் போட்டவள், தானே ஒரு சாக்கை விரித்துக் கொடுத்து, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துச் சொன்னாள்.

ஸ்பேர் விஷயத்தை மெஹபூப் அலி பார்த்துக்கொண்டார். ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். கரையில் பாதி இன்ஜின்கள் அவர் கை பட்டவை. மூன்று கம்பெனி டீலரிடமும் ஒரே நாளில் ஒரே ரப்பர் சாமானை, பாரத்தின் இன்ஜினில் உடைந்த அதே சாமானை, ஆர்டர் கொடுத்தார். எது எத்தனை நாளில் கையில் வந்து சேருகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டார். கறுப்புக்கு இரண்டு நாள். சிவப்புக்குப் பன்னிரண்டு. வெள்ளைக்கு முப்பது.

இரண்டு மாதம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஜான்சி லேபிலிருந்து கேட்டு வாங்கிவந்த பழைய லேப்டாப்பைக் கட்டில்மேல் வைத்து உட்கார்ந்தாள். ஆறு வரிசையில் ஆறு விஷயம். மூன்று பத்தியில் மூன்று இன்ஜின். எல்லாவற்றையும் தேர்வு செய்து, ரேடார் சார்ட் என்பதை அழுத்தினாள்.

வந்த படம் விகாரமாக இருந்தது. கனமும் ஸ்பேரும் இருந்த பக்கங்களில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நடுவில் ஒரே புள்ளியாகச் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் படுத்திருந்த பாரத் எட்டிப் பார்த்தான்.

"இன்னாது இது, கெளுத்தி மீனு கணக்கா?"

"சும்மா இரு. கிலோவும் லிட்டரும் நாளும் ஒரே கோல்ல அளந்தா இப்பிடித்தான் வரும். நாப்பத்தெட்டு கிலோ பக்கத்துல நாலு லிட்டரு எங்க தெரியும்?"

எல்லாவற்றையும் பத்துக்கு இத்தனை என்று மாற்ற வேண்டும். லேபில் கிளைகளுக்குச் செய்ததும் அதுதான். ஒவ்வொரு வரிசையிலும் மிகப் பெரிய எண்ணுக்குப் பத்து மதிப்பெண், மற்றவற்றுக்கு அந்த விகிதப்படி. ஃபார்முலாவை ஒரு செல்லில் அடித்துக் கீழே இழுத்தாள். படம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இப்போது மூன்று வடிவங்கள், மூன்று நிறங்கள். சிவப்பு நான்கு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு பெரிதாக இருந்தது. கறுப்பு சின்னதாக, ஒரு பக்கம் ஒடுங்கிப்போய்.

'ஆக, சவரிமுத்து அண்ணன் சொன்னதுதான் சரி' என்று ஜான்சி நினைத்துக்கொண்டாள். ஊரே சொன்ன ஒன்று படத்திலும் வந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கோடுகளின் நிறத்தைத் தடிமனாக்கி, பெயர்களைத் தமிழில் போட்டு, சேமித்து வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் கூட்டம். பன்னிரண்டு போட்டுக்காரர்கள், அவர்களோடு கடலுக்குப் போகிறவர்கள் என்று ஐம்பது பேர் இருந்தார்கள். ஞாயிறு வகுப்புக்கு வைத்திருந்த புரொஜெக்டரைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஜானகி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெஹபூப் அலி கதவருகில் நின்றார். பெண்கள் என்று பார்த்தால் ஜானகியும் ஜான்சியும், வேடிக்கை பார்க்க வந்த தேசம்மாவும்தான்.

படம் சுவரில் விழுந்ததும் ஒரு சலசலப்பு. "வல மாதிரி கீதுடா" என்றார் ஒருவர். எது எந்தக் கோடு என்று ஜான்சி விளக்கி முடிப்பதற்குள் சவரிமுத்து எழுந்துவிட்டார்.

"பாத்துக்கினியா எல்லாரும்? எது பெருசு? செவப்பு! நான் மூணு மாசமா இன்னா சொல்லிக்கினு கீறேன்? இப்ப கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. தலைவரே, எழுதிக்கினு கெளம்பலாம்."

கை தட்டினார்கள். வேதநாயகம் நோட்டைத் திறந்தார். அப்போது கதவருகிலிருந்து மெஹபூப் அலியின் குரல் வந்தது. அவர் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை.

"ஜான்சிம்மா, ஒரு நிமிஷம். மூணுல எண்ணெ ஜாஸ்தி குடிக்கறது எது?"

"சிவப்பு, பாய்."

"அப்ப எண்ணெ கோட்டுல அது ஏன் வெளிய போயி நிக்குது? ஜாஸ்தி குடிக்கறதுக்கு ஜாஸ்தி மார்க்கா?"

ஜான்சி சுவரைப் பார்த்தாள்.

பாய் சொன்னது எண்ணெய்க்கு மட்டும் இல்லை. கனத்திலும் சிவப்புதான் வெளியே நின்றது. அதிகக் கனம் என்பதற்காக. நாலு தடவை கயிறு இழுத்தால்தான் கிளம்பும் என்பதற்குப் பத்து மதிப்பெண் வாங்கியிருந்தது. ஸ்பேர் கோட்டில் முப்பது நாள் காக்க வைத்த வெள்ளை முதலிடம். இரண்டே நாளில் வந்த கறுப்பு, நடுப்புள்ளியில் ஒட்டிக்கொண்டு ஒன்றுமில்லாததாகத் தெரிந்தது. லேபில் ஒப்பிட்ட எல்லாமே கூடினால் நல்லது என்கிற சங்கதிகள். இங்கே ஆறில் நாலு, குறைந்தால்தான் நல்லது. அதை அவள் திருப்பவே இல்லை.

ஐம்பது பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். சிவப்பு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், பாயைத் தவிர யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் அடுத்த மூன்று வருஷம் அந்த இன்ஜினை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களில் பாரத்தும் ஒருவன்.

"தப்பு என்னுதுதான்," என்றாள். அது ஹாலின் கடைசிவரை கேட்டது. "பாய் சொல்றது சரி. நான் நாலு கோட்ட தலைகீழா போட்டுட்டேன். பத்து நிமிஷம் குடுங்க. இங்கியே, உங்க கண்ணு முன்னாடி சரி பண்றேன்."

"அட இன்னாமா!" என்றார் சவரிமுத்து. "செவப்பு ஜெயிச்சதும் படம் தப்பாயிடுச்சா? இப்ப நீ இஷ்டத்துக்குத் திருப்புவ, நாங்க பாத்துக்கினு இருக்கணுமா?"

"திருப்பட்டும், நீ குந்து," என்று சவரிமுத்துவிடம் சொன்னார் வேதநாயகம்.

ஜான்சி உட்காரவில்லை. நின்றபடியே ஷீட்டைச் சுவரில் காட்டினாள். "தோ பாருங்க. எண்ணெ. சிவப்புக்கு மணிக்கு நாலு லிட்டரு, கறுப்புக்கு மூணேகால் இல்ல, மூணு புள்ளி ரெண்டு. வெள்ளைக்கு மூணு. யாருக்கு பத்து மார்க் குடுக்கணும்?"

"வெள்ளைக்கு," என்றது ஒரு குரல்.

"அப்ப மூணத்தான் மேல வெக்கணும். மூணு வகுத்தல் அவங்கவங்க எண்ணு, பெருக்கல் பத்து. வெள்ளைக்குப் பத்து. கறுப்புக்கு ஒன்பதுக்கு மேல. சிவப்புக்கு ஏழரை." அவள் அடிக்க அடிக்க, சுவரில் சிவப்பு வடிவத்தின் ஒரு முனை உள்ளே போயிற்று. யாரோ "ஆ" என்றார்கள்.

அடுத்து கனம். நாற்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தாறு. "இத்த நான்தான் பாத்து சொன்னேன்!" என்று தேசம்மா எழுந்து நின்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தாள். சிவப்பின் இன்னொரு முனையும் உள்ளே போயிற்று. அடுத்து கயிறு. அடுத்து ஸ்பேர். ஸ்பேர் கோட்டில் கறுப்பு, நடுப்புள்ளியிலிருந்து ஒரே பாய்ச்சலில் விளிம்புக்கு வந்தது. சிவப்பும் வெள்ளையும் உள்ளே விழுந்தன. வேகத்தையும் கை சுகத்தையும் அவள் தொடவில்லை. அவை கூடினால் நல்லது. முதலிலேயே சரியாகத்தான் இருந்தன.

எல்லோரும் புதிய படத்தை எட்டிப் பார்த்தார்கள். சவரிமுத்து மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நாலு லிட்டருன்னு யாரு சொன்னது? செவப்பு நாலு குடிக்காது. எவனோ பொய் சொல்லிக்கீறான்."

ஜான்சி போனை எடுத்துத் தேடினாள். ஹாலில் மைக் ஒன்று இருந்தது. போனை அதனருகே பிடித்தாள். அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் ஹால் முழுக்க ஒலித்தது: "ஜான்சி, நான் சவரிமுத்து பேசறேன்மா. இன்னிக்கு செவப்பு மாட்டிக்கினு போனேன். வேகம்னா வேகம், மெர்சலா கீது. ஆனா இன்னாத்துக்கு இப்பிடிக் குடிக்குதுன்னு தெரில. மணிக்கு நாலு லிட்டரு, சொளையா நாலு. கள்ளுக்கடைல கூட எவனும் இப்பிடிக் குடிச்சுப் பாத்ததில்ல..."

முதலில் சிரித்தது சவரிமுத்துவின் போட்டில் வேலை செய்கிறவர்கள்தான். பிறகு ஹாலே சிரித்தது. சவரிமுத்து ஒரு கணம் முறைத்தார். பிறகு அவரும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, "சரி, என் வாயி என்னிக்குத்தான் எனக்கு நல்லது பண்ணிச்சு" என்று உட்கார்ந்தார்.

"அண்ணே," என்றாள் ஜான்சி. "நீங்க உள்ளத உள்ளபடி சொன்னதாலதான் இந்தப் படமே. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிக்கீறீங்க. ஒரு எண்ணு கூட என்னுது இல்ல."

"அப்ப கறுப்பு தானா?" என்று யாரோ கேட்டார்கள். "அதுதான் பெருசா கீது."

"பெருசா கீதான்னு பாக்காதீங்க. கோட்ட இடம் மாத்தி வெச்சா பெருசு சின்னதாவும், சின்னது பெருசாவும்." இரண்டு வரிசைகளை அவள் மேலும் கீழுமாக மாற்றிக் காட்டினாள், வடிவங்கள் நெளிந்து வேறாயின. "எண்ணு மாறல, படம் மட்டும் மாறிச்சு பாத்தீங்களா? அதனால எங்க பள்ளம் விழுதுன்னு பாருங்க. வெள்ளை எவ்ளோ நல்லா கீது, ஆனா ஸ்பேர்ல பாருங்க, பாதாளம். சிவப்புக்கு ஸ்பேர்லயும் கயித்துலயும் பள்ளம். கறுப்பு வேகத்துல ரெண்டாவதுதான், ஆனா எங்கயும் பள்ளம் இல்ல. கடல்ல நாம மாட்டிக்கறது மேட்டுல இல்ல, பள்ளத்துலதான்."

அதைச் சொல்லும்போது அவள் பாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள். பாரத் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேதநாயகம் எழுந்து, "ஸ்பேரு கோட்ட இன்னொரு தபா காட்டுமா" என்றார். அவள் காட்டினாள். அவர் சுவரருகே போய், அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை மெல்ல ஓட்டினார். திரும்பி, "கை தூக்குங்க" என்றார். கறுப்புக்குப் பன்னிரண்டில் பதினோரு கை உயர்ந்தது. பன்னிரண்டாவது சவரிமுத்துவுடையது, அது கொஞ்சம் தாமதமாக, ஆனால் எல்லாவற்றையும்விட உயரமாக எழுந்தது.

கூட்டம் கலைந்தபோது மெஹபூப் அலி அவளிடம் வந்தார். "கோவிச்சுக்கலயேம்மா? எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்."

"நீங்க கேக்கலன்னாதான் பாய் கோவம் வந்திருக்கும்."

"முப்பது வருஷமா இன்ஜின் பாக்கறேன். எந்த இன்ஜினும் தப்ப தானா ஒத்துக்கினதில்ல," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் தேசம்மா, எதிரில் வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, தராசு முள் எங்கே நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கறுப்பு இன்ஜின்கள் வந்து, மாட்டி, கடலுக்குப் போய் ஐந்து மாதம் ஆயின. நடுவில் இரண்டு இன்ஜினில் சாமான் போயிற்று. இரண்டும் மூன்றாம் நாள் மறுபடி கடலில் இருந்தன. இதைக் கேட்ட ஜானகி ஒருநாள் ஜான்சிக்குப் போன் செய்தார்.

"ஜான்சி, இன்னும் ஏழு ஊருக்கு இன்ஜின் குடுக்கறோம். அங்கேயும் இதே மாதிரி கத்திண்டு இருக்கா. நந்தனத்துல ஒரு ஹால் எடுத்திருக்கேன். நீங்க வந்து, எப்படிப் பண்ணினேள்னு சொல்லணும்."

"நானா மேடம்? ஆபீசர் யாராச்சும்..."

"ஆபீசர் யாருக்கும் இது தெரியலையே. நீங்கதான்."

லேபில் லீவு கேட்டபோது மேலாளர் காரணம் கேட்டார். ஜான்சி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "லேப்டாப்பை எடுத்துண்டு போங்க. அது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நந்தனத்துக்கு வேதநாயகமும் வந்தார். வேண்டாம் மாமா, வெயில் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் லேப்டாப் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, யார் கையும் படாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

ஹாலில் நூறு பேருக்குமேல் இருந்தார்கள். கோவளத்துப் பக்கத்திலிருந்தும், எண்ணூர்ப் பக்கத்திலிருந்தும் ஆண்களும் பெண்களும். ஜான்சி தன் முதல் படத்தைத்தான், அந்தத் தவறான படத்தைத்தான், முதலில் காட்டினாள். "இது நான் தப்பா போட்டது. எங்க தப்புன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்றாள். ஹால் குனிந்து நிமிர்ந்து பார்த்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ஜான்சிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எந்தக் கோட்டைத் திருப்ப வேண்டும், ஏன் பத்துக்கு மாற்ற வேண்டும், படத்தின் பெரிசைப் பார்த்து ஏன் ஏமாறக்கூடாது என்று எல்லாவற்றையும் ஷீட்டைத் திறந்து அவர்கள் கண்ணெதிரேயே செய்து காட்டினாள்.

முடிந்ததும் எண்ணூர்க்காரர் ஒருவர் எழுந்து ஜானகியைக் கேட்டார். "மேடம், இத்த போட்டது எந்த இன்ஜினியரு? அவரு நம்பர் கெடைக்குமா?"

ஜானகி வாய் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து வேதநாயகம் எழுந்துவிட்டார். கடலில் ஒரு போட்டிலிருந்து இன்னொரு போட்டுக்குக் கூப்பிடும் குரல் அவருக்கு. நூறு தலை திரும்பியது.

"இன்ஜினியரு இல்ல. தோ நிக்குதே, அதான் போட்டுச்சு. ஜான்சி. எங்க ஊட்டு ஜான்சி. எங்க சங்கத்துல பன்னெண்டு போட்டும் அது சொன்ன இன்ஜின்லதான் ஓடுது."

சொல்லிவிட்டு, எதற்கு எழுந்தோம் என்பது போலச் சுற்றும் முற்றும் பார்த்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜான்சிக்குக் காது மடல்கூடச் சூடாகிவிட்டது. ஆனால் அவள் தலை குனியவில்லை.

கோவளத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, எங்க ஊர்ல கரையிலயே அலை பெருசு. அலையத் தாண்டுறப்பதான் போட்டு கவுறுது. அதுக்கு உங்க படத்துல கோடே இல்லியே?"

ஹால் ஜான்சியைப் பார்த்தது. ஜான்சி ஷீட்டைப் பார்த்தாள். அவள் கரையில் அலை அவ்வளவு பெரிதில்லை; அதனால் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"நல்ல கேள்வி கேட்டீங்க," என்றாள். ஆறாவது வரிசைக்குக் கீழே புதிதாக ஒரு வரிசையைச் சேர்த்து, 'அலை தாண்டும் நேரம்' என்று அடித்தாள். சுவரில் படம் ஒரு தடவை அசைந்து, ஏழு முனைகளோடு விரிந்தது. ஏழாவது முனை காலியாக இருந்தது.

"இது கொறஞ்சா நல்லது, அதனால திருப்பிப் போடணும்," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க. இப்ப உங்க போட்டுல எந்த இன்ஜின் கீது? கரைலேந்து அலையத் தாண்ட எவ்ளோ நேரம் ஆவுது?"